யூக்தாஸ் மலையும் ரங்கசாமி மலையும்: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கிரீட் தீவுப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மத்தியதரைக் கடல் தீவொன்றில் உள்ள சிறிய மலைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் கட்டுரையின் இரண்டு செய்திகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. யூக்தாஸ் மலை கிரேக்கக் கடவுள் சியூஸ் பிறந்த இடம் என்று அதில் எழுதப்பட்டுள்ளது, அது பிழை. அம்மலையைப் பற்றி ஊரார் சொல்லிவருவதெல்லாம் அறியாமைக் காலத்துக் கட்டுக்கதை என்று ஒரே வரியில் ஒதுக்கப்பட்டுள்ளது. இது பிழையைவிடப் பெரிய குறை. கோத்தகிரிப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் புவியியல் நடத்தியவள் என்ற முறையிலும், மகளின் ஆராய்ச்சிப் பணியை ஒட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹெராக்லியோன் நகரில் ஐந்து வாரம் தங்கி அந்த மலையை நாள்தோறும் பார்த்தவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் திருத்தம். சியூஸ் பிறந்ததாகச் சொல்லப்படும் இடங்கள் இரண்டுமே குகைகள். ஒன்று, தீவின் கிழக்குப் பகுதியில் லசித்தி மேட்டுநிலத்தின் ஓரம் சிக்ரோ என்ற ஊருக்கு மேலே உள்ள திக்தே குகை. மற்றொன்று, தீவின் மிக உயர்ந்த மலையான 2,456 மீட்டர் உயரமுள்ள இடா மலையின் குகை. இம்மலையை இன்றைய மக்கள் சிலோரிடிஸ் என்கிறார்கள். தான் பெற்ற பிள்ளைகளைத் தானே விழுங்கிவந்த தந்தை குரோனோசிடமிருந்து கடைசிக் குழந்தையைக் காப்பாற்றத் தாய் ரேயா அவனைக் குகையில் ஒளித்துவைத்தாள் என்பதும், அமல்தியா என்ற வெள்ளாடு பால் கொடுத்தது என்பதும், குழந்தையின் அழுகை வெளியே கேட்காதபடி குரேட்டஸ் என்னும் இளைஞர்கள் கேடயங்களில் ஆயுதங்களைத் தட்டி ஆடினார்கள் என்பதும் இந்தக் குகைகளைச் சேர்ந்த கதைகள். எந்தக் குகையில் பிறந்தான், எதில் வளர்ந்தான் என்பதில் அங்குள்ளவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. யூக்தாசுக்கு அந்த வழக்கில் பங்கில்லை. அது சியூஸ் அடங்கிய இடம். பிறந்த குகை கிழக்கிலோ மேற்கிலோ இருக்கட்டும், சமாதி நடுவில் யூக்தாஸில் இருக்கிறது என்பதே தீவு மக்கள் சொல்வது.

யூக்தாஸ் நம் கண்ணுக்குச் சிறிய மலைதான். அதன் உயரம் 811 மீட்டர். கோத்தகிரி நிற்கும் உயரத்தில் பாதிகூட இல்லை. ஹெராக்லியோன் துறைமுக நகரத்துக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் நிறைந்த தாழ்ந்த நிலத்தின் நடுவில், தெற்கு வடக்காக நீண்ட ஒற்றை முகடாக அது எழுகிறது. அக்கம்பக்கத்தில் போட்டிக்கு வேறு உயரம் இல்லாததால் கடலிலிருந்து வருபவருக்கும் அது தெரியும், கிரீட்டின் பண்டைய நாகரிகமான மினோவர்களின் அரண்மனை இருந்த நோசோசில் நின்றாலும் தெரியும். மேற்குப் பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டது போன்ற சுண்ணாம்புக்கல் பாறை; அங்கே பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாயார்ப் பள்ளத்தாக்கின் கழுகுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்நிய மண்ணில் முதலில் உறவாகத் தெரிந்தவை அந்தப் பறவைகள்தான்.

அந்த மலையின் சிறப்பு அதன் உருவம். நகரத்தின் பக்கமிருந்து பார்த்தால், தாடி வைத்த ஒரு மனிதர் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பதுபோல் முகடு தெரியும். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குக் கிரேக்கம் தெரியாது. முதல் நாள் மாலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தெற்கே திருப்பி நிறுத்தினார். பிறகு தன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தன் நெற்றியைத் தொட்டார், மூக்கின் மேல் ஓட்டினார், உதட்டைக் கடந்து மோவாய்க்கு வந்ததும் இல்லாத தாடியை இழுத்துக் காட்டினார். அதே விரலை உடனே மலையை நோக்கி நீட்டினார். ஒரு சொல்லும் இல்லாமல் எனக்கு முழு மலையும் விளங்கிவிட்டது. வகுப்பறையில் சமஉயரக் கோடுகளை வரைந்து வரைந்து நான் விளக்கியதைவிட அது தெளிவான பாடம்.

ஆனால் அடுத்த வாரம் நாங்கள் மலையின் கிழக்கே அடிவாரத்தில் உள்ள ஆர்ஹானெஸ் என்னும் ஊருக்குப் போய் அண்ணாந்து பார்த்தபோது முகத்தைக் காணோம். அங்கே அது புதர் மண்டிய ஒரு நீண்ட மேடு, அவ்வளவுதான். படுத்திருக்கும் கடவுளைப் பார்க்க வேண்டுமானால் நகரத்தின் பக்கம் நிற்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரீட்டைச் சுற்றிவந்த புளோரன்ஸ் நகரத்துப் பாதிரியார் புவோந்தெல்மோந்தி, இம்மலை முகம்போல் இருப்பதை எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இது சுற்றுலாத் துறை அண்மையில் கட்டிவிட்ட கதை அன்று. குறைந்தது 600 ஆண்டுகளாக மக்கள் பார்த்துவரும் காட்சி. மலைக்கதை எழுதுகிறவர் அந்தக் கதை எந்த இடத்தில் நின்று சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். தங்கள் கட்டுரை அதை விட்டுவிட்டதால், அதை நம்பிப் போகும் வாசகர் ஆர்ஹானெஸ் தெருவில் நின்று ஏமாந்து திரும்புவார். கதையைப் பொய் என்றும் சொல்லுவார்.

பொய் என்ற சொல் இந்த மலைக்குப் புதிதன்று. தேவாலயத்துக்குப் போய்வரும் தமிழர்களுக்குத் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் வரும் ‘கிரேத்தா தீவார் ஓயாப்பொய்யர்’ என்ற வரி நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தத் தீவைச் சேர்ந்த ஒருவரே சொன்னதாக அங்கே வருகிறது. அவர் எபிமெனிடீஸ் என்பவர் என்று முற்கால உரையாளர்கள் கூறினார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞரான கல்லிமாக்கஸ், சியூசைப் போற்றிப் பாடிய பாடலில் இதே வசையை எடுத்தாண்டு காரணத்தையும் சொல்கிறார்: சாவே இல்லாத கடவுளுக்கு இவர்கள் கல்லறை கட்டிவிட்டார்களாம், ஆகவே பொய்யர்களாம். ஒரு தீவு மக்கள் முழுவதும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சுமந்த பழிச்சொல்லுக்கு அடியில், தங்கள் கடவுள் தங்கள் மண்ணில் அடங்கியிருக்கிறார் என்று அவர்கள் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. கிரேக்கப் பெருநிலத்தின் சியூஸ் வானத்தில் இருந்து இடி எறியும் அரசன். கிரீட் தீவின் சியூஸ் இளைஞன்; பயிர்போல் ஆண்டுதோறும் மடிந்து மீண்டும் முளைப்பவன் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இருவரையும் ஒரே பெயரால் அழைத்ததால் வந்த சண்டை இது. பழைய நூலாசிரியர்களில் பலர் கல்லறை கிரீட்டில் இருக்கிறது என்றார்களே தவிர இந்த முகட்டில்தான் என்று அடையாளம் காட்டவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். மலையோடு அது உறுதியாக ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்தான்.

ஆனால் மலையின் வழிபாடு கல்லறைக் கதையைவிட மிகப் பழையது. வடக்கு உச்சியான சிலி கொர்ஃபியில் 1909இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் தோண்டினார். 1974 முதல் அலெக்சாந்திரா கரேட்சு என்ற தொல்லியலாளர் விரிவாக அகழ்ந்தார். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மினோவன் உச்சிக்கோயில் அது. பெருங்கற்களால் ஆன சுற்றுச்சுவர், படிபடியாக அமைந்த பலிமேடை, அதையொட்டிப் பாறையில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமான ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள்ளும் சுற்றிலும் கிடைத்தவற்றைக் கேட்டால் நம் வாசகர்கள் யாரும் வியக்க மாட்டார்கள்: சுடுமண்ணால் செய்த மனித உருவங்கள், ஆடு மாடுகள், தனித்தனியான கைகள், கால்கள். சமயபுரத்திலும் பழனியிலும் நேர்ந்துகொண்டு செலுத்தும் உருவாரங்கள்தான் அவை. ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இத்தகைய காணிக்கைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது, முழங்கால் வலிக்காக என் மாமியார் மாரியம்மனுக்குச் செலுத்திய வெள்ளித் தகடு என் நினைவுக்கு வந்தது. அந்த மண்காலைச் செய்து எடுத்துக்கொண்டு, வலிக்கிற காலோடு உச்சிவரை ஏறிய ஒருவர் இருந்திருக்கிறார். அவரைக் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மலையின் வடக்குச் சரிவில் உள்ள அனெமோஸ்பிலியா என்ற இடத்தில் 1979இல் சகெல்லாராக்கிஸ் தம்பதியர் கண்டெடுத்த கட்டடத்துக்குத் தங்கள் கட்டுரை பாதி இடத்தைக் கொடுத்துவிட்டது. நிலநடுக்கத்தில் இடிந்த அந்தக் கட்டடத்தில் நரபலி நடந்தது என்பது அகழ்ந்தவர்களின் முடிவு. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. பரபரப்பான செய்திதான், மறுக்கவில்லை. அதே மலையின் தெற்குப் பக்கத்தில் ‘ஆண்டவர் கிறிஸ்து’ என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு சிறு தேவாலயம் இருப்பதும், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6ஆம் நாள் மறுரூபத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊரார் ஏறிவருவதும் ஒரு வரியிலாவது வந்திருக்கலாம். மினோவர்கள் போனார்கள், சியூஸ் அடங்கினார், மலையேறும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கோத்தகிரிக்குக் கிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை இருக்கிறது. அங்கிருந்து மாயார்ப் பள்ளத்தாக்கையும் தெங்குமரகடாவையும் பார்ப்பவர்களுக்கு ரங்கசாமி மலையும், அதன் அருகே சுமார் 400 அடி உயரத்துக்குத் தனியாக நிற்கும் ரங்கசாமித் தூணும் தெரியும். மலையின் உயரம் 5,855 அடி. நீலகிரியிலேயே மிகப் புனிதமான மலை இதுதான் என்று 1908ஆம் ஆண்டு நீலகிரி கெசட்டியர் என்னும் அரசின் மாவட்ட விவர நூலில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். இந்த மலையின் கதை இது: ரங்கசாமி முன்பு சமவெளியில் காரமடையில் குடியிருந்தார், மனைவியோடு பிணக்கு ஏற்பட்டுத் தனியாக மலைக்கு வந்துவிட்டார், வந்ததற்குச் சாட்சியாக அரக்கோடு ஊருக்கு அருகே பாறையில் அவருடைய இரண்டு காலடிகள் இருக்கின்றன.

இந்தக் கதையை எழுதிய அதே பத்தியில் கெசட்டியர் ஆசிரியர் ஒரு தீர்ப்பும் வழங்குகிறார். காரமடைத் தேருக்கு மலை மக்கள் இறங்கிப்போவது கடமையாக இருந்ததாம். அந்தக் கடினமான பயணத்தைத் தவிர்க்கவே இப்படியொரு கதையை உருவாக்கியிருக்கலாமாம். கல்லிமாக்கஸ் கிரீட் மக்களைப் பொய்யர் என்றார். பிரான்சிஸ் எங்கள் மக்களைச் சாக்குச் சொல்பவர்கள் என்றார். கெசட்டியரின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் அந்நாளைய பூசைமுறை நமக்குக் கிடைத்தே இருக்காது. பரம்பரைப் பூசாரியான இருளர் உச்சிக்குக் கீழே உள்ள சுனையில் குளித்துவிட்டு ‘கோவிந்தா, கோவிந்தா’ என்று முழங்கியபடி ஏறுவதையும், சங்கு ஊதிப் பறை அடித்துச் சாமியையும் அம்மனையும் குறிக்கும் இரண்டு கற்களுக்குப் பூச்சூட்டுவதையும், படகரும் இருளரும் குறும்பரும் சூழ்ந்து நிற்பதையும், இரவில் உச்சியிலுள்ள இரண்டு கல்தொட்டிகளில் நெய் நிரப்பி ஏற்றும் தீ பல மைல் தூரம் தெரிவதையும் அவர் அருமையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் சோம்பலால் பிறந்த கதை என்ற அவர் ஊகத்தை என்னால் ஏற்க முடியாது. மாசி மாதம் காரமடைத் தேருக்கு மலையிலிருந்து இருளரும் படகரும் இன்றும் இறங்கிப் போகிறார்கள். சாக்குச் சொல்லித் தப்பித்தவர்கள் ஏன் இன்னும் போக வேண்டும்?

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் படித்த இருளர் மாணவன் ஒருவனின் தாத்தா அந்தக் காலடிகளைக் காட்ட என்னை அழைத்துப்போனார். இடம் வருவதற்கு இருபது முப்பது அடி முன்பாகவே செருப்பைக் கழற்றி ஒரு புதரடியில் வைத்தார், நானும் வைத்தேன். பாறையில் முந்திய நாள் மழைநீர் இரண்டு குழிகளிலும் தேங்கிச் சருகுகள் மிதந்தன. அவர் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் அவ்வளவு மெதுவாக உள்ளங்கையால் சருகுகளை ஒதுக்கினார். குதிகால் பக்கம் ஆழம், விரல் பக்கம் மேலாக. விரல்கள் மலையைப் பார்த்து இருந்தன. “சாமி கோவிச்சுக்கிட்டு அவரா வந்தாரு, டீச்சரம்மா. நாங்க கூப்பிடல. வந்தவர எப்படிப் போகச் சொல்றது?” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை.

கோபித்துக்கொண்டு மலையேறும் சாமி தமிழருக்குப் பழக்கமானவர். கனி கிடைக்கவில்லை என்று முருகன் வந்து நின்ற பழனியும் அப்படித்தான். நம் பேச்சிலேயே ஆவேசம் இறங்கினால் சாமி மலையேறிவிட்டது என்கிறோம். விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்ல மனமில்லாமல் மலையேறிவிட்டது என்கிறோம். ஒரு காலம் போய்விட்டாலும் அது மலையேறிப் போகிறது. நம்மை விட்டுப் போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டால் தமிழ் மலையைக் கைகாட்டுகிறது. தோடர்களோ இறந்த மனிதரும் எருமைகளும் மேற்கே 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்தி முகட்டிலிருந்து மறுவுலகுக்குத் தாவுகிறார்கள் என்று நம்புகிறார்கள். அந்த முகட்டைத் தாண்டினால் நிலம் கேரளத்துப் பக்கம் ஒரேயடியாகச் சரிந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கையின் புவியியல் புரியும். கிரீட்டின் சாமி மலையேறவில்லை. அங்கேயே படுத்து மலையாகிவிட்டார்.

இந்த வேறுபாட்டுக்குப் பாறையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கிரீட்டின் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கும். கரைந்த இடமெல்லாம் குகையும் பிளவுமாகும். அதனால் அங்கே கடவுள் குகையில் பிறக்கவும், காணிக்கை பிளவுக்குள் விழவும், மலைக்கடியில் கல்லறை இருக்கவும் இடம் உண்டு. நீலகிரியின் சார்னோகைட் கடினமான கல். அது எளிதில் கரையாது. வெடிப்பு ஓடிய இடங்களில் சிதைந்து விழ, மிச்சம் தூணாகவும் குண்டுப்பாறையாகவும் நிற்கும். ஆகவே எங்கள் சாமிகள் நிற்கிறார்கள், நடந்து தடம் பதிக்கிறார்கள். மக்கள் தங்கள் காலுக்கடியில் இருக்கும் கல்லைப் பார்த்துத்தான் கதை சொல்கிறார்கள். அதில் அறியாமை எங்கே வந்தது?

நிற்கும் இடம் பற்றி மேலே சொன்னது ரங்கசாமி மலைக்கும் பொருந்தும். கோத்தகிரி ஊரே ஏறத்தாழ அம்மலையின் உயரத்தில்தான் அமைந்திருக்கிறது. எனவே மேட்டிலுள்ள காட்சிமுனையில் நின்று தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவருக்கு அது பல முகடுகளில் ஒரு முகடு. பள்ளத்தாக்கின் அடியில், தெங்குமரகடா வயல் வரப்பில் நின்று பார்க்கிறவருக்கோ அது வானத்தை முட்டும் மலை. நெய்த்தீ எரிந்தது அந்தக் கீழ்நாட்டுக் கண்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் பகுதிக் காட்சிமுனை ஒன்றில் அண்மையில் புதிதாக வைத்த பெயர்ப்பலகையில் உயரமும் தொலைவும் தற்படம் எடுக்க ஏற்ற இடத்துக்கான அம்புக்குறியும் இருக்கின்றன. எதிரே தெரியும் மலைகளில் ஒன்றுக்குக்கூட அங்கு வாழும் மக்கள் வழங்கும் பெயர் இல்லை. சுற்றுலா வழிகாட்டிகளாக வேலைபார்க்கும் இளைஞர்கள் அந்தப் பலகையைப் படித்துத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் சொன்ன பெயர்கள் அந்தப் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி, தன் ஊருக்கு எதிரே உள்ள குன்றின் படகப் பெயரைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தாள், எனக்கும் தெரியவில்லை, அவள் ஊரில் தெரிந்திருந்த ஒரே பெரியவர் அதற்கு இரண்டு மாதம் முன்பு காலமாகியிருந்தார். அந்தக் குன்றுக்கு இப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் எண்தான் பெயர்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். யூக்தாஸ் பற்றிய பிழையைத் திருத்தி, அது சியூசின் கல்லறையாக மக்கள் போற்றும் மலை என்று ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். அடுத்து, நீலகிரிப் பதிப்பில் வாரம் ஒரு மலை என்று ஓர் இடம் ஒதுக்குங்கள். படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகியோர் ஒவ்வொரு மலைக்கும் வழங்கும் பெயர், அதன் கதை, சொன்னவரின் ஊர், எந்த இடத்தில் நின்று பார்த்தால் அந்தக் கதை தெரியும் என்ற குறிப்பு, இவை இருந்தால் போதும். ஒரே மலைக்கு இரண்டு பெயரும் மூன்று கதையும் வந்தால் எல்லாவற்றையும் போடுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சொன்னவர் விரும்பாத புனிதச் செய்திகளைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். அரக்கோட்டுப் பெரியவர் என்னிடம் சொன்ன சிலவற்றை நானும் இங்கே எழுதவில்லை.

பணியில் இருந்த காலத்தில் விடுமுறைப் பாடமாக மாணவர்களைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுவேன். அப்படிச் சேர்ந்த மலைப்பெயர்கள் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. சில பக்கங்களில் பென்சில் எழுத்து மங்கிவருகிறது. தாங்கள் இந்தப் பகுதியைத் தொடங்குவதாக இருந்தால் படியெடுத்து அனுப்பக் காத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ரங்கசாமி மலை இருக்கிறது; அதற்கு எதிரே அந்த மாணவன் ‘எங்க வீட்டு வாசலில் நின்னா தெரியும்’ என்று எழுதியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.